45 டன் இழுக்கும் சரி... தாங்குமா? டிரெய்லர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

மாட்டு வண்டி ஓட்டிய தாத்தா இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்ற இரண்டு வார்த்தைகளும் தெரிந்திருக்கும். மூட்டைகளை முன்னால் அதிகமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தும். பின்னால் அதிகமாகப் போய்விட்டால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு இறுகி மாடு திணறும். பாரம் என்னவோ அதே 20 மூட்டைதான். எங்கே வைத்தோம் என்பதில்தான் மாடு பிழைப்பதும் படுப்பதும் இருந்தது.

நாமக்கல் புறவழிச்சாலையில் நிமிடத்துக்கு ஒன்றாகக் கடந்து போகும் டிரெய்லர் லாரிகளும் இதே மாட்டு வண்டிதான். டிரெய்லருக்கு முன்பக்கம் சக்கரம் கிடையாது. அதன் மூக்குப் பகுதி, இழுவை வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. நுகத்தடிக்குப் பதில் அங்கே ஒரு கனத்த இரும்புத் தட்டு. அதன் பெயர் ‘ஃபிஃப்த் வீல்’, அதாவது ஐந்தாவது சக்கரம். ‘டர்ன்டேபிள்’ என்றும் சொல்வார்கள். டிரெய்லரின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ‘கிங் பின்’ என்ற குட்டை இரும்பு முளை, இந்தத் தட்டின் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்ந்து வளைத்துப் பிடிக்கக்கூடிய பருமன்தான் அந்த முளை. 38 டன் டிரெய்லரை இழுப்பது அது ஒன்றுதான்.

உருளாத தட்டுக்கு ‘சக்கரம்’ என்று பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். நான்கு சக்கர சாரட்டில் முன் அச்சு திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கைவாக்கில் ஒரு வட்டத் தட்டு வைத்தார்கள். நான்கு சக்கரங்களோடு அதுவும் சேர்ந்து ஐந்தாவது சக்கரம் ஆனது. குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய டிரெய்லரின் முன்னோடிகளில் ஒன்று பிறந்ததும் ஒரு கொல்லுப் பட்டறையில்தான். 1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃபுருஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மர வியாபாரி வந்து, தன் படகை ஊருக்கு இழுத்துப் போக ஒரு வண்டி கேட்டார். இழுக்க அவரிடம் இருந்தது ஃபோர்டு ‘மாடல் டி’ கார். ஃபுருஹாஃப் செய்து கொடுத்த வண்டி படகையும் ஏற்றியது. பிறகு அந்த வியாபாரியின் மரக்கட்டைகளையும் ஏற்றியது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘செமி டிரெய்லர்’. நாமக்கல் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் பெரிதாக ஆச்சர்யப்பட மாட்டார்கள். வாடிக்கையாளர் வந்து நிற்பதும், இருக்கிற வண்டிக்கு ஏற்ப ஒன்றைக் கட்டிக் கொடுப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

சிக்கலும் அந்த ‘இருக்கிற வண்டிக்கு ஏற்ப’ என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரி என்பது பெரிய கம்பெனிகளின் சொத்து மட்டுமல்ல. பத்து, பதினைந்து வருடம் டிரைவராக ஓட்டியவர், வீட்டு நகையை அடகு வைத்து, ஃபைனான்ஸ் போட்டு, ஒற்றை வண்டிக்கு ஓனர் ஆவது இங்கே சாதாரணம். புது வண்டிக்குக் கைக்காசு போதாது. அதனால் இழுவை வண்டியை ஓரிடத்திலும் டிரெய்லரை வேறோர் இடத்திலும் பழையதாகப் பார்த்து வாங்கி இணைத்துக்கொள்கிறார்கள். விற்கிறவர் தட்டிக் கொடுத்துச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “எவ்வளவு வேணாலும் இழுக்கும்ங்ணா!”

அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இழுக்கத்தான் செய்யும். ஆனால், அது பாதிக் கேள்விக்கான பதில் மட்டுமே.

எண்ணில் இருக்கும் சூட்சுமம்

இழுவை வண்டிகளின் மாடல் எண்ணைக் கவனித்திருப்பீர்கள். 4018, 5525, 5530 என்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம், சரக்கும் டிரெய்லரும் சேர்ந்து அந்த வண்டிக்கு உரிய மொத்த எடை, டன்னில். அடுத்த இரண்டு இலக்கம் குதிரைத்திறனைக் குறிக்கும். பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். பழைய 4018 என்றால் 40 டன்னுக்கு 180 குதிரை. ஒரு டன்னுக்கு நாலரைக் குதிரைதான். வீட்டில் நிற்கும் சின்ன காரில் ஒரு டன்னுக்கு 70, 80 குதிரைகள் இருப்பதோடு ஒப்பிட்டால், ஏற்றத்தில் டிரெய்லர் ஏன் நத்தை மாதிரி ஊர்கிறது என்று புரியும். பின்னால் நின்று ஹாரன் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை!

முன்பு 2 அச்சு இழுவை வண்டியும் 3 அச்சு டிரெய்லரும் சேர்ந்தால் 40.2 டன் வரை போகலாம் என்றிருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 7 டன், 4 டயர் கொண்ட பின் அச்சுக்கு 11.5 டன், டிரெய்லரின் மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து 27 டன். ஆக மொத்தம் 45.5 டன். இழுவை வண்டிக்கு பின்னால் இரட்டை அச்சு இருந்தால் அதற்கு 21 டன், மொத்தம் 55. வரம்பு உயர்ந்தது காகிதத்தில். அதற்கு முன்பே தயாரான வண்டியின் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர் சந்தையில் பேசப்படும் எண்ணை விட்டுவிட்டு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது ஒரு கணக்கு. ராசிபுரம் பக்கம் ஒருவர், 45.5 டன்னுக்கு உரிய 6 சக்கர இழுவை வண்டியையும் 3 அச்சு டிரெய்லரையும் தனித்தனியாக வாங்கி இணைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இழுவை வண்டி காலியாக 7 டன். அதில் முன் அச்சில் நாலரை, பின் அச்சில் இரண்டரை. டிரெய்லர் காலியாக 8 டன். சரக்கு 30 டன். மொத்தம் 45. வரம்புக்கு அரை டன் குறைவு. மனிதர் நிம்மதியாக இருக்கிறார்.

டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 38 டன். அதில் 30 சதவிகிதம் முன்மூக்கு வழியாகக் கிங் பின் மேல் விழுகிறது என்று கொண்டால், 11.4 டன். மிச்சம் 26.6 டன் டிரெய்லரின் அச்சுகளில். 27-க்குள் இருக்கிறது, சரி. இழுவை வண்டியின் எடை 7-ம் 11.4-ம் சேர்ந்து 18.4. அதன் வரம்பு 18.5. அதுவும் சரி.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. அந்த 11.4 டன், இழுவை வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எப்படிப் பிரிகிறது? அதை முடிவு செய்வது ஐந்தாவது சக்கரம் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. பின் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் முழு எடையும் பின் அச்சுக்கே. கொஞ்சம் முன்னால் இருந்தால் முன் அச்சும் பங்கு எடுத்துக்கொள்ளும். இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 360 சென்டிமீட்டர், தட்டு பின் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், ஆறில் ஒரு பங்கு முன்னால் போகும். அதாவது 1.9 டன். மிச்சம் 9.5 டன் பின் அச்சில். ஏற்கெனவே அங்கே இரண்டரை டன் இருக்கிறது. கூட்டினால் 12 டன். வரம்பு 11.5!

மொத்த எடை சரி, இழுவை வண்டி எடை சரி, டிரெய்லர் எடை சரி. ஆனாலும் பின் அச்சு அரை டன் கூடுதல் பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒட்டுமொத்தமாக எடை மேடையில் ஏற்றி இறக்கினால் இது தெரியவே தெரியாது. அடிக்கடி பின் டயர் வெடிக்கிறது, பட்டை உடைகிறது, ‘என்ன ராசியோ’ என்று சலித்துக்கொள்ளும்போதுகூடத் தெரியாது.

தட்டை இன்னும் முன்னால் தள்ளிப் பொருத்தினால் தீர்ந்ததா என்றால், அதற்கும் எல்லை உண்டு. முன் அச்சு 7 டன்னைத் தாண்டிவிடும். டிரெய்லரின் முன்முனை கேபினுக்கு நெருங்கி, வளைவில் திரும்பும்போது முட்டும். தட்டைப் பின் அச்சுக்குப் பின்னால் வைப்பதோ இதைவிட மோசம். முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டீயரிங் பிடியே போய்விடும். மோகனூர் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மேடேறும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

80 சென்டிமீட்டர், 3 டன்

சரக்கு வைக்கும் இடம் இன்னொரு தலைவலி. கிங் பின்னுக்கும் டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கும் இடைவெளி 8 மீட்டர் என்றால், அந்த 30 டன் சரக்கை வெறும் 80 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தால் போதும். 3 டன் எடை கூடுதலாக இழுவை வண்டியின் முதுகில் ஏறிவிடும். நெல் மூட்டை, சிமென்ட் மூட்டை என்றால் பரவிக்கிடக்கும். எஃகுச் சுருள் அப்படியல்ல. 20 டன் எடை ஓரிடத்தில் உட்காரும். சேலம் இரும்பாலைச் சாலையில் சுருள் ஏற்றிப் போகும் வண்டிகளைக் கவனித்தால், டிரெய்லரின் நடுவில் ஓர் இடம் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். அழகுக்காக அல்ல.

டிரெய்லரின் உயரமும் பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்குக் கட்டிய டிரெய்லரை இன்னொரு வண்டியில் மாட்டும்போது, தட்டின் உயரம் சில அங்குலம் கூடினாலும் மூக்கு தூக்கிக்கொள்ளும். மூன்று அச்சில் கடைசி அச்சு மட்டும் அதிகமாக அழுந்தும் வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. கிங் பின்னிலும் இரண்டு அளவு உண்டு: 50 மி.மீ., 90 மி.மீ. எது என்று அளக்காமல் முன்பணம் கொடுப்பது வீண் வேலை.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள், படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள டிரெய்லர் வீட்டைப் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் ஐந்தாவது சக்கரம் பொருத்தி இழுத்துப் போகிறார்கள். அந்த வீட்டின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவிகிதம் பிக்கப் தொட்டியின் மேல் விழும். 6 டன் இழுக்கும், 1.2 டன் சுமக்கும் ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 5 டன் டிரெய்லர் வீடு. ‘இன்னும் ஒரு டன் மிச்சம் இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால், 20 சதவிகிதம் என்றாலே ஒரு டன் தொட்டியில் வந்துவிட்டது. இணைப்புத் தட்டு 100 கிலோ. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பெட்டிகள் சேர்ந்து 300 கிலோ. மொத்தம் 1.4 டன். இழுக்கும் கணக்கில் பாஸ், சுமக்கும் கணக்கில் ஃபெயில்! நம் ஊரில் பிக்கப் பின்னால் டிரெய்லர் வீடு காணக் கிடைப்பதே அரிது. கலவை இயந்திரமும் ஜெனரேட்டரும்தான் இங்கே தொங்கிக்கொண்டு போகின்றன. தொட்டி நிறைய ஜல்லியும் பின்னால் கலவை இயந்திரமுமாகப் போகிறவர்கள் இதே கணக்கில்தான் இருக்கிறார்கள்.

தொப்பூரும் கோவையும்

சமவெளியில் தப்பிக்கிற கணக்கு, இறக்கத்தில் தப்பிக்காது. பெங்களூரிலிருந்து சேலம் வரும் எவருக்கும் தொப்பூர் கணவாய் தெரியும். 100 அடிக்கு 5 அடி இறங்கும் சாலையில் 38 டன் டிரெய்லர், ஏறக்குறைய 2 டன் விசையோடு இழுவை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்கென்று தனியாக பிரேக் இருக்கிறது. காற்றுக் குழாய் வழியாக அது வேலை செய்ய வேண்டும். பழைய டிரெய்லரில் அந்த பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்றால், மிச்ச வேலையும் இழுவை வண்டியின் தலையில். அது சூடேறித் தளரும். அல்லது இழுவை வண்டி மட்டும் நிற்க, டிரெய்லர் பக்கவாட்டில் வந்து பேனாக் கத்தி மாதிரி மடியும். டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறக்கும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் தொப்பூரில் நடந்த தொடர் மோதல்களில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவை டிரெய்லர் விபத்துகள் என்று சொல்ல முடியாது. ஆனால், கட்டுக்குள் நிற்காத கனரக வண்டி அந்த இறக்கத்தில் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இணைப்பே விட்டுப்போனால்? 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அதைப் பார்த்தது. கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த டேங்கர், அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இழுவை வண்டியிலிருந்து பிரிந்து கவிழ்ந்தது. எரிவாயு கசிய, தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தென்மாநிலங்களில் ஓடும் எரிவாயு டேங்கர்களின் உரிமையாளர் சங்கம் இருப்பது நாமக்கல்லில். டேங்கர் ஓட்டுகிற கணவர், மகன் இருக்கும் வீடுகளில் அன்றைய காலை எப்படி விடிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கிங் பின் திடீரென்று விட்டுப்போக வேண்டியதில்லை. தேய்ந்து தேய்ந்தும் போகும். 2 அங்குல முளை புதிதில் 50.8 மி.மீ. இருக்கும். 49-க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். 2 மி.மீ.கூட இல்லாத வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, காலிப்பர் வைத்தால்தான் தெரியும். ஐந்தாவது சக்கரத் தட்டிலேயே அது தாங்கும் இழுவிசையை ‘டி’ மதிப்பு என்று பொறித்திருப்பார்கள். மேலே சொன்ன 45 டன் ஜோடிக்கு சுமார் 92 கிலோநியூட்டன் தேவை. பொறித்த எண் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தட்டு வேண்டாம். எண் சரியாக இருந்து, தட்டை சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் லொடலொடத்துக்கொண்டிருந்தாலும் வேண்டாம்.

ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டார்ச் அடித்து, தட்டின் வாய் முளையைச் சுற்றி முழுதாக மூடியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பது. பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்து, முதல் கியரில் மெதுவாக ஓர் இழு இழுத்துப் பார்ப்பது. நல்ல டிரைவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவது போல இதைச் செய்கிறார்கள். ராத்திரி 2 மணிக்கு, முதலாளி போனில் விரட்டும்போதுதான் விட்டுப்போகிறது.

சரி, ராசிபுரத்துக்காரருக்குத் திரும்புவோம். அவர் செய்ய வேண்டியது, சரக்கு ஏற்றியதும் எடை மேடையில் ஒருமுறைக்குப் பதில் மூன்று முறை எடை போடுவது. முதலில் முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு டிரெய்லரைக் கழற்றாமலேயே இழுவை வண்டியின் இரண்டு அச்சுகளும் மேடையில் இருக்க ஒரு சீட்டு. கடைசியாக முழு வண்டியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் அச்சு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெய்லர் அச்சுகள். இழுவை வண்டியின் காலி எடையைத் தனியாகப் போட்டு வைத்திருந்தால், இரண்டாவது சீட்டிலிருந்து அதைக் கழித்ததும் முளை மேல் விழும் பாரம் கிடைத்துவிடும். மேடை தரைமட்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேடைக்காரர் முறைப்பார். கூட ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

அவருடைய பின் அச்சு 12 டன் காட்டுகிறது. முன்மூக்கில், முளைக்கு நேர் மேலே இருக்கும் அரை டன் சரக்கை இறக்கிவிட்டு, மீதி 29.5 டன்னை 8 சென்டிமீட்டர், அதாவது நாலு விரற்கடை பின்னால் தள்ளி வைத்தால் பின் அச்சு 11.3 டன்னுக்கு வந்துவிடும். டிரெய்லர் அச்சுகள் 26.9. எல்லாம் வரம்புக்குள்.

அந்த அரை டன்னுக்கான வாடகை நடை ஒவ்வொன்றிலும் போகும். மாதத் தவணை கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வரம்பு மீறிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு கூடுதல் சரக்கைச் சாலையோரத்திலேயே இறக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, நகையை எடுத்துக் கொடுத்தவரிடமும் காட்டிவிட்டு, அதன் பிறகு எந்த டிரெய்லருக்கு முன்பணம் கொடுப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். பட்டறையில் அதுவரை இரண்டு டிரெய்லர்கள் நின்றுகொண்டிருக்கும். ஒன்று விலை குறைவு, இன்னொன்றின் முளை அளந்தால் 50 மி.மீ.க்கு மேல் இருக்கிறது.